மரபும் மறுவடிவும்: பழைய வாகனங்களின் புதிய உருவங்கள் பற்றிய ஒரு நோக்கு

மரபு என்ற சொல் நமது விமரிசனத்தில் நீண்டகாலமாகச் சர்ச்சைக்குரியதாக இருந்து வந்துள்ளது. 1960களின் தொடக்கத்தில் ஈழத்து எழுத்தாளரிடையே எழுந்த மரபுப் போராட்டம் செய்யுளையும் உரைநடையையும் பற்றியதாகவே தோன்றினும், அதன் அடியில் இருந்த வினா வேறு. ஒரு மரபு யாருக்குரியது, அதனை மாற்றும் உரிமை யாருக்குண்டு என்பதே அவ்வினாவாகும். இவ்வினா இலக்கியத்துக்கு மாத்திரம் உரியதன்று. மனிதன் செய்து பயன்படுத்தும் பொருள்கள் அனைத்தையும் குறித்து இது எழுப்பப்படலாம். வீடு, நெசவு, கலம், ஊர்தி ஆகிய யாவும் உருவமும் உள்ளடக்கமும் கொண்டவை. அவற்றையும் ஒரு தலைமுறை படைக்கிறது. அடுத்த தலைமுறை திருத்துகிறது. ஆர்வலர் கூட்டமொன்று அத்திருத்தத்தை ஏற்கவோ மறுக்கவோ செய்கிறது.

இக்கட்டுரை மோட்டார் வாகனத்தை எடுத்துக்கொள்கிறது. கடந்த முப்பது ஆண்டுகளிற் பழம்புகழ் வாய்ந்த பல வாகனங்கள் பழைய பெயருடனும் பழைய முகத்துடனும் மீண்டும் செய்யப்பட்டுள்ளன. அவை ஒவ்வொன்றும் வெளிவந்தபோது வாகன ஆர்வலர் தம்முட் கடுமையாக வாதிட்டனர். அவ்வாதங்களைப் பொழுதுபோக்குப் பேச்சென்று ஒதுக்கிவிடுதல் பொருந்தாது. அவை ஒருவகை விமரிசனமே. அந்த விமரிசனம் எந்த அளவுகோல்களைக் கையாள்கிறது, எதனைக் காணத் தவறுகிறது என்பதை ஆராய்வதே ஈண்டு நோக்கமாகும். முதலில் அமெரிக்க, ஐரோப்பிய உதாரணங்களையும், பின்னர் நமது மலைநாடு நன்கறிந்த லாண்ட் றோவரையும் நோக்குவோம்.

அமெரிக்க வாகனங்களும் இரு கட்சியினரும்

அமெரிக்காவில் 'மசில் கார்' எனப்பட்ட வாகன இனம் 1960களிற் பிறந்தது. நடுத்தரப் பருமனுள்ள உடலில் எட்டுச் சிலிண்டர் கொண்ட பெரிய எஞ்சினைப் பொருத்தி, இளைஞர் வாங்கக்கூடிய விலையில் விற்பதே அதன் இலக்கணம். 1964ஆம் ஆண்டின் பொன்டியாக் ஜீ.ரி.ஓ. இவ்வினத்தின் முன்னோடியாகப் பலராலும் கொள்ளப்படுகிறது. அதே ஆண்டு ஏப்ரல் 17ஆம் நாள் போர்ட் நிறுவனம் மஸ்டாங்கை வெளியிட்டது. செவ்ரொலே கமாரோ, டொட்ஜ் சலஞ்சர் என்பன அதனைத் தொடர்ந்தன. இவை வெறுங் கைத்திறனால் மட்டும் தோன்றியவையல்ல. மலிவான பெற்றோல், அகன்ற நெடுஞ்சாலைகள், போருக்குப் பின் பிறந்து வளர்ந்த பெருந்தொகையான இளைஞர் ஆகிய மூன்றும் கூடிய ஒரு சமுதாயத்தின் விளைபொருள்கள் அவை. 1970ஆம் ஆண்டின் தூய காற்றுச் சட்டமும், ஏறிச்சென்ற காப்புறுதிக் கட்டணமும், 1973ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடியும் அச்சூழலை மாற்றியதும் அவ்வினமும் தளர்ந்தது.

முப்பது ஆண்டு கழித்து அவ்வுருவங்கள் மீண்டன. 2005ஆம் ஆண்டுக்குரிய மஸ்டாங் 1960களின் முகச்சாயலை வெளிப்படையாகவே ஏற்றது. 2008இற் சலஞ்சரும், 2009இற் கமாரோவும் மீண்டும் வந்தன. இவை பற்றிய ஆர்வலர் கருத்துகளைத் தொகுத்து நோக்குமிடத்து இரு கட்சிகள் தெளிவாகப் புலப்படுகின்றன.

முதற்கட்சியினரை உருவவாதிகள் எனலாம். பழைய கோடுகள், பழைய விளக்குகள், பழைய முகப்பு ஆகியன எந்த அளவிற்குப் பேணப்பட்டுள்ளன என்பதே அவர்களது அளவுகோல். அவ்வளவுகோலின்படி சலஞ்சர் பெரிதும் பாராட்டப்பட்டது. 1970ஆம் ஆண்டின் மூலத்தை அது மிக நெருங்கி நின்றது. இரண்டாங் கட்சியினர் உள்ளடக்கவாதிகள். வலு, வேகம், ஓட்டுநர் கைக்கும் வீதிக்கும் இடையிலுள்ள தொடர்பு ஆகியவற்றையே அவர்கள் வினவினர். சலஞ்சர் அளவுக்கு மீறிப் பெரிதாகவும் பாரமாகவும் இருப்பதையும், கமாரோவின் யன்னல்கள் குறுகி வெளிப்பார்வை மறைக்கப்பட்டிருப்பதையும் அவர்களே சுட்டிக்காட்டினர்.

இவ்விரு கட்சிகளுள் எதன் கருத்து மேலோங்கியது என்பதை 2004ஆம் ஆண்டின் ஜீ.ரி.ஓ. காட்டுகிறது. அவுஸ்திரேலியாவின் ஹோல்டன் மொனாரோவைத் தழுவிச் செய்யப்பட்ட அவ்வாகனம் 350 குதிரைவலு கொண்டது. மூல ஜீ.ரி.ஓ.வின் உள்ளடக்கமாகிய வேகம் அதிற் குறைவின்றி இருந்தது. ஆயினும் அதன் தோற்றம் சாதாரணமானது என்று ஆர்வலர் பலர் அதனைப் புறக்கணித்தனர். 2006உடன் அதன் ஆயுள் முடிந்தது. உள்ளடக்கம் இருந்தும் உருவம் இல்லாதவிடத்து மரபு உரிமை மறுக்கப்பட்டது.

பெயரைப் பற்றிய வாதம் 2019இல் எழுந்தது. அவ்வாண்டு போர்ட் நிறுவனம் நான்கு கதவுகளும் உயர்ந்த உடலும் கொண்ட ஒரு மின்சார வாகனத்துக்கு மஸ்டாங் மாக்-ஈ எனப் பெயரிட்டபோது, பெயரை மட்டும் எடுத்து மரபை விட்டுவிட்டனர் என்று ஆர்வலர் சினந்தனர். 2024இல் டொட்ஜ் நிறுவனத்தின் மின்சாரச் சார்ஜர் மற்றொரு வழியை நாடியது. எஞ்சின் இல்லாத அவ்வாகனத்தில் எஞ்சினின் முழக்கத்தைப் போன்ற ஓர் ஓசை செயற்கையாக எழுப்பப்படுகிறது. செய்யுளின் பொருள் போனபின் எதுகையை மட்டும் காப்பாற்றும் புலவனை இது நினைவூட்டுகிறது. மரபு எனக் கருதப்படும் ஒன்றின் எப்பகுதி உயிர், எப்பகுதி அணி என்பதை ஆராயாது மறுவடிவு செய்தால் எங்கு போய் முடியும் என்பதற்கு அவ்வோசை ஒரு சான்றாகும்.

மினியும் வண்டும்

ஐரோப்பாவின் இரு சிறு வாகனங்கள் இவ்வாராய்ச்சிக்கு மேலும் துணைபுரிகின்றன. 1956ஆம் ஆண்டின் சூயெஸ் நெருக்கடியாற் பெற்றோல் தட்டுப்பாடு ஏற்பட்டதன் விளைவாக, குறைந்த எரிபொருளிற் குறைந்த இடத்தில் நால்வரைக் கொண்டுசெல்லும் வாகனமொன்று இங்கிலாந்தில் வேண்டப்பட்டது. அலெக் இசிகோனிஸ் வரைந்த மினி 1959இல் அத்தேவைக்கு விடையாக வந்தது. அதன் நீளம் மூன்று மீற்றரைச் சற்றே தாண்டியது. எஞ்சினைக் குறுக்காக வைத்து அவர் மிச்சப்படுத்திய இடமே மினியின் கவிதை. 2001இல் பீ.எம்.டபிள்யூ. நிறுவனம் வெளியிட்ட புதிய மினி வட்ட விளக்குகளையும் புன்னகை முகத்தையும் காத்தது. ஆனால் நீளத்திற் பாதி மீற்றருக்கு மேல் வளர்ந்துவிட்டது. சிக்கனமே பொருளாக இருந்த ஒன்று சிக்கனத்தின் நினைவை விற்கும் ஆடம்பரப் பொருளாயிற்று.

'வண்டு' என உலகம் அழைத்த போக்ஸ்வாகனின் கதையும் இவ்வாறானதே. பின்புறத்தில், காற்றாற் குளிரூட்டப்படும் எஞ்சினைக் கொண்டிருந்த அவ்வாகனம் இரண்டு கோடிக்கு மேற்பட்ட எண்ணிக்கையிற் செய்யப்பட்டு, 2003 ஜூலையில் மெக்சிக்கோவின் புவெப்லா நகரில் நிறைவெய்தியது. 1998இல் விற்பனைக்கு வந்த 'புதிய வண்டு' பழைய வளைவுகளை எல்லாம் கொண்டிருந்தது. எஞ்சினோ முன்புறத்திற்கு வந்து, நீராற் குளிரூட்டப்பட்டது. கோல்ஃப் என்னும் வேறொரு வாகனத்தின் மேல் வண்டின் ஓடு கவிழ்க்கப்பட்டது எனலாம். அதன் உட்பலகையில் ஒரு பூச்சாடியும் வைக்கப்பட்டது. தொழிலாளி வாங்கிய வாகனம் இரண்டாம் பிறவியில் பூச்சாடி தாங்கி வந்தது.

இவ்வுதாரணங்களிலிருந்து ஓர் உண்மை பெறப்படுகிறது. ஒரு பொருளின் உருவம் அதன் காலத்துத் தேவையிலிருந்து பிறக்கிறது. தேவை மறைந்தபின் உருவம் அழகாக எஞ்சுகிறது. ஆர்வலர் பெரும்பாலும் அவ்வெஞ்சிய அழகையே மரபென்று மயங்குகின்றனர்.

மலையகமும் லாண்ட் றோவரும்

பேராதனை வளாகத்தின் நடுவே செல்லும் கலஹா வீதி மேலேறிக் கலஹாவையும் தெல்தோட்டையையும் அடைகிறது. தெல்தோட்டைக்கு அண்மையிலேயே, ஜேம்ஸ் டெய்லர் 1867இல் 19 ஏக்கர் நிலத்திற் தேயிலையைப் பயிரிட்ட லூல்கந்துரைத் தோட்டம் உள்ளது. இலங்கைத் தேயிலைத் தொழிலின் தொட்டில் என்று கூறப்படும் இம்மலைகளில், தார் காணாத தோட்டப்பாதைகளிற் பல தசாப்தங்களாக ஓடிய வாகனம் லாண்ட் றோவராகும்.

அதன் பிறப்பும் தேவையினின்றே நிகழ்ந்தது. இரண்டாம் உலகப்போரின் பின்னர் றோவர் நிறுவனத்தின் மொறிஸ் வில்க்ஸ் தமது அங்கிள்சீப் பண்ணையில் அமெரிக்க ஜீப் ஒன்றைப் பயன்படுத்தி வந்தார். அதனையொத்த ஒரு வாகனத்தைச் செய்ய அவர் எண்ணியதன் பயனாக 1948 ஏப்ரல் 30ஆம் நாள் அம்ஸ்ரர்டாம் கண்காட்சியில் லாண்ட் றோவர் அறிமுகமாயிற்று. உருக்குப் பங்கீட்டுக்கு உட்பட்டிருந்தமையால் உடற்தகடுகள் அலுமினியக் கலவையாற் செய்யப்பட்டன. விலையுயர்ந்த அச்சுகள் வேண்டாதிருக்கத் தகடுகள் பெரும்பாலும் தட்டையாக வைக்கப்பட்டன. இன்று ஆர்வலர் போற்றும் அந்நேர்கோட்டு அழகு வறுமையின் கொடை. பண்ணை இயந்திரங்களை இயக்குதற்கான வலுவெடுப்பு வசதியும் அதில் இருந்தது. 1958இல் இரண்டாம் வரிசையும், 1971இல் மூன்றாம் வரிசையும் வந்தன. 1990இல் அதற்கு டிஃபெண்டர் என்ற பெயர் சூட்டப்பட்டது. 2016 ஜனவரி 29ஆம் நாள் சொலிஹல் ஆலையில் அதன் உற்பத்தி நிறுத்தப்பட்டது.

1977இற்கு முந்திய ஆண்டுகளில் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் கடுமையாக இருந்தமையால், இலங்கையர் தம்மிடமிருந்த வாகனங்களைத் திருத்தித் திருத்தியே ஓட்டினர். மொறிஸ் மைனரும் ஒஸ்டினும் லாண்ட் றோவரும் இவ்வாறே நீடுழி வாழ்ந்தன. இத்திருத்தற் கலையின் வலிமை எத்தகையதெனின், 1990களில் மொறிஸ் மைனருக்குரிய பாகங்கள் இலங்கையிற் செய்யப்பட்டு அதன் தாயகமாகிய இங்கிலாந்துக்கே அனுப்பப்பட்டன. லாண்ட் றோவரைப் பொறுத்தவரை நமது கராஜ்களின் பாஸ்மார் இன்னொரு படி சென்றனர். பழுதுற்ற ஆங்கில எஞ்சினைக் கழற்றி ஜப்பானிய டீசல் எஞ்சினைப் பொருத்துதல் இந்நாட்டிற் பெருவழக்காயிற்று. மேற்கு வங்கத்தின் மானேபஞ்சனிலிருந்து சந்தக்பூ மலைக்குச் செல்லும் பாதையில் வாடகைக்கோடிய 1950களின் லாண்ட் றோவர்கள் பலவற்றிலும் இவ்வாறே இந்திய டீசல் எஞ்சின்கள் ஏறின.

சேகரிப்பாளராகிய ஆர்வலர் இதனைக் கண்டால் முகஞ்சுளிப்பர். மூலத்தன்மை கெட்டது என்பர். எமது கருத்து இதற்கு நேர்மாறானது. லாண்ட் றோவரின் முதல் மறுவடிவைச் செய்தவர்கள் வரைவுக்கூடத்துக் கலைஞர்களல்லர். எண்ணெய் படிந்த கையினராகிய இத்திருத்துநர்களே. அவர்கள் உருவத்தைக் காப்பதையும் நோக்கமாகக் கொண்டிலர், மாற்றுவதையும் நோக்கமாகக் கொண்டிலர். வாகனம் நாளை காலை மலையேற வேண்டும் என்பதே அவர்களது நோக்கம். காலத்தின் வகையாற் பழையன நீங்குவதும் புதியன சேர்வதும் வழுவல்ல என்று நன்னூலார் சொல்லுக்கு வகுத்த விதி அவர்கள் கையில் இரும்புக்கும் பொருந்திற்று.

புதிய டிஃபெண்டரும் ஆர்வலரும்

2008இல் இந்தியாவின் டாட்டா மோட்டார்ஸ் ஜாகுவார் லாண்ட் றோவரைப் போர்ட் நிறுவனத்திடமிருந்து வாங்கியது. 2011இற் காட்டப்பட்ட டீ.சி. 100 என்னும் மாதிரி ஆர்வலரின் கண்டனத்துக்கு ஆளானது. 2019 செப்டெம்பரில் பிராங்பேர்ட் கண்காட்சியில் ஜெரி மக்கவர்னின் தலைமையில் வரையப்பட்ட புதிய டிஃபெண்டர் வெளிவந்தது. சுலோவாக்கியாவின் நித்ரா ஆலையில் அது செய்யப்படுகிறது. ஏணி போன்ற பழைய செசி நீங்கி, உடலும் சட்டமும் ஒன்றான அலுமினிய அமைப்பு வந்தது.

மரபுவாதிகள் எழுப்பிய முதற்குற்றச்சாட்டு, இது மெலிந்த நகரவாசி, மலையேறாது என்பது. இது ஆதாரமற்றது. பழைய டிஃபெண்டர் அரை மீற்றர் ஆழமான நீரைக் கடக்கவல்லது. புதியது 900 மில்லிமீற்றர் ஆழத்தைக் கடக்கும். பழையதில் மழைநீர் உள்ளே ஒழுகும். விபத்திற் பயணியைக் காக்கும் காற்றுப்பைகள் இல்லை. மனித உயிரின் பாதுகாப்பையும் புகையின் கட்டுப்பாட்டையும் கோரும் சட்டங்களை 'மரபுக்குப் பகை' என வருணிப்பது நேர்மையான விமரிசனமாகாது.

இரண்டாவது குற்றச்சாட்டே சிந்திக்கத்தக்கது. புதிய வாகனம் கணினியின் துணையின்றித் திருத்தப்பட முடியாதது. பழைய லாண்ட் றோவரை ஒரு ஸ்பானர் பெட்டியுடன் வீதியோரத்திற் பிரித்துப் பூட்டலாம். புதியதன் குறையை அறிவதற்கே நிறுவனத்தின் கருவி வேண்டும். இதன் பொருள், வாகனத்தைப் பற்றிய அறிவு பயன்படுத்துவோனிடமிருந்தும் ஊர்த் திருத்துநனிடமிருந்தும் பறிக்கப்பட்டு நிறுவனத்தின் கைக்கு மாறிவிட்டது என்பதாகும். இழப்பு என்று ஒன்று உண்டெனில் இதுவே இழப்பு. ஆனால் ஆர்வலர் எழுத்தில் வட்ட விளக்கின் அமைப்பைப் பற்றிப் பேசப்பட்ட அளவுக்கு இது பேசப்படவில்லை.

இதன் மறுதலையாக ஜிம் ராட்கிளிஃபின் இனியோஸ் நிறுவனம் கிரனடியர் என்னும் வாகனத்தைச் செய்தது. தனிச் செசியும் நேரச்சுகளும் கொண்ட அது 2022 முதல் பிரான்சின் ஹம்பாக்கிற் செய்யப்பட்டு வருகிறது. பழைய டிஃபெண்டரின் உருவத்தைத் தனது வணிகச்சின்னமாகப் பதிய லாண்ட் றோவர் நிறுவனம் முயன்றபோது, 2020 ஓகஸ்டில் இங்கிலாந்தின் மேல்நீதிமன்றம் அம்முயற்சிக்கு இடமளிக்கவில்லை. நிபுணர் பெரிதாகக் காணும் உருவ வேறுபாடுகள் சாதாரண நுகர்வோன் கண்ணிற் படாமலே போகலாம் என்னும் நோக்கு அத்தீர்ப்பில் அடங்கியிருந்தது. ஆர்வலர் அனைவரும் மனங்கொள்ள வேண்டிய தீர்ப்பு இது. எனினும் கிரனடியரும் விலையாற் செல்வர்க்கே உரியது. எளிமையும் இன்று விலையுயர்ந்த பண்டமாகிவிட்டது.

இந்தியாவின் மகேந்திரா தார் இவற்றினும் நடுநிலையான ஓர் உதாரணம். 1940களின் இறுதியில் வில்லிஸ் ஜீப்பைப் பொருத்தத் தொடங்கிய நிறுவனம், அவ்வழியில் வந்த தாரை 2020இல் மறுவடிவாக்கியது. ஏணிச் செசி நிலைத்தது. மோதற் சோதனையில் நான்கு நட்சத்திரங்கள் கிடைத்தன. பழைமைவாதிகள் அதன் சொகுசைக் குறைகூறினும், அடிப்படையைக் காத்துப் பாதுகாப்பைச் சேர்த்த அம்முறை பாராட்டற்பாலது.

நினைவு யாருடையது?

இதுகாறும் கூறியவற்றில் ஒரு குரல் இடம்பெறவில்லை. லாண்ட் றோவரின் பழம்பெருமையைப் பற்றி ஆர்வலர் எழுதும்போது சாரதியின் ஆசனத்திலிருந்தே எழுதுகின்றனர். மலையகத் தமிழனின் நினைவோ பாதையோரத்தில் நின்றவனின் நினைவு. அவ்வாகனத்தில் வந்தவர் துரை. அதன் ஓசை வளைவிற் கேட்டதும் நிரையிற் கொழுந்து பறித்தவர்களின் கை விரைந்தது. கங்காணியின் குரல் உயர்ந்தது. லயத்திற் பிரசவ வேதனையுற்ற ஒரு பெண்ணை வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல அதே வாகனத்தைக் கேட்டு நிற்க வேண்டியிருந்தது. அது கிடைப்பதும் கிடையாததும் துரையின் மனநிலையைப் பொறுத்தது. 1972இலும் 1975இலும் காணிச் சீர்திருத்தத்தின் கீழ்த் தோட்டங்கள் அரசுடைமையானபோதும், 1992இல் அவற்றின் முகாமை தனியார் கம்பனிகளிடம் சென்றபோதும் ஆசனத்தில் இருந்தவர் மாறினார். பாதையோரத்தில் நின்றவர் மாறவில்லை.

எனவே 'பாரம்பரியம்' என்ற சொல்லாற் பழைய உருவம் இன்று விற்கப்படும்போது, எவருடைய பாரம்பரியம் என்று நாம் கேட்டேயாக வேண்டும். விளம்பரப் படங்களில் வாகனம் ஏறும் மலைகள் பெரும்பாலும் மனிதரற்றவை. மலைகளோ ஒருபோதும் அவ்வாறு இருந்ததில்லை. அவ்வாகனம் ஏறிய பாதைகளை வெட்டியவர் பெயர் எங்கும் எழுதப்படவில்லை. இதனாற் பழைய லாண்ட் றோவரை வெறுக்க வேண்டுமென்பதன்று கருத்து. துரையின் வாகனமாக வந்த அதுவே, பிற்காலத்தில் விற்கப்பட்டு, எஞ்சின் மாற்றப்பட்டு, மரக்கறி மூட்டைகளையும் பள்ளிப்பிள்ளைகளையும் ஏற்றும் பொதுவாகனமாகவும் மாறியது. அம்மாற்றத்தைச் செய்தவை கராஜ்களே. ஒரு பொருள் அதிகாரத்தின் சின்னமாயிருந்து மக்களின் கருவியாக மாறும் அந்நிகழ்ச்சியே உண்மையான மறுவடிவு என்பது எமது துணிபு.

முடிவுரை

மேற்கூறியவற்றால் மறுவடிவொன்றை மதிப்பிடுதற்கு மூன்று அளவுகோல்கள் பெறப்படுகின்றன. மூலம் எத்தேவைக்கு விடையாக வந்ததோ அத்தேவையின் இன்றைய வடிவத்துக்குப் புதியது விடையளிக்கிறதா என்பது ஒன்று. அதனைப் பயன்படுத்துவோன் அறிந்து திருத்த இடமுண்டா என்பது மற்றொன்று. அது முன்னையிலும் அதிகமானோரை ஏற்றிச் செல்கிறதா, அன்றி ஒருசிலரின் நினைவை மட்டும் ஏற்றிச் செல்கிறதா என்பது மூன்றாவது. உருவ ஒப்புமை இம்மூன்றுக்கும் பிற்பட்டது. இவ்வளவுகோல்களால் நோக்கின் புதிய மினியும் புதிய வண்டும் முதலாவதிலேயே தவறுகின்றன. புதிய டிஃபெண்டர் முதலாவதில் வென்று ஏனையவற்றில் தோற்கிறது. தார் ஓரளவு தேறுகிறது.

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களைப் பொறுத்தவரை 2025 பெப்ரவரியிலேயே மீண்டும் அனுமதிக்கப்பட்டது. அவ்வைந்தாண்டுகளில் இந்நாட்டின் வீதிகளை இயங்கவைத்தது திருத்துநரின் கைகளே. இன்று இறங்கும் வாகனங்கள் அக்கைகளுக்குக் கதவடைப்பனவாக உள்ளன. வட்ட விளக்கா, சதுர விளக்கா என்ற வாதத்தை ஆர்வலர் தொடரட்டும். தெல்தோட்டைப் பாதையில் ஒரு வாகனம் நின்றுவிட்டால் அதனை மீண்டும் ஓடச்செய்யும் அறிவு அவ்வூரிலேயே இருக்குமா என்ற வினாவே நமது விமரிசனம் முதலில் எழுப்ப வேண்டியதாகும்.